சும்மா இருக்கும் நாற்பத்திரண்டு பேர்

டெல்லி
19 ஜனவரி 2025

அன்புள்ள ஹெலன்,

கவர் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததுமே கிழித்துப் போட்டிருக்க மாட்டாய் என்ற தைரியத்தில் எழுதுகிறேன். போனில் என்னை பிளாக் செய்துவிட்டாய். ஜோசுவா அண்ணனைக் கூப்பிட்டால் "ஹெலன் தூங்குது" என்கிறான், காலை பதினோரு மணிக்கு. உன் புருஷனுக்குப் பொய் சொல்ல வராது என்பது நம் இரண்டு பேருக்கும் தெரியும். அதனால்தான் தபால். போஸ்ட்மேனை பிளாக் செய்ய முடியாதில்லையா?

கிறிஸ்துமஸுக்கு வந்தபோது நான் என்ன தப்பு செய்தேன்? என்னோடு படிக்கும் இரண்டு பேரைச் சொல்லாமல் கூட்டி வந்ததா? அவர்களுக்கு பிரியாணி போட்டாய், சிரித்துப் பேசினாய், ஆனால் ஸ்டேஷனுக்கு மட்டும் வரவில்லை. பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு, பிறகு என் அண்ணனையே கட்டிக்கொண்டாய். நாலு பேர் முன்னால் அண்ணி, தனியாக இருந்தால் வாடி போடி. இப்போது எப்படிக் கூப்பிடுவது என்றே தெரியவில்லை.

சரி, காரியத்துக்கு வருகிறேன். எனக்கு உன் உதவி வேண்டும்.

இங்கே நான் படிப்பது சட்டச் சீர்திருத்தமும் சமூக நீதியும் என்று உனக்குத் தெரியும். ஆய்வுக்கு நம் தெருவையே எடுத்திருக்கிறேன். ஷூவின் மேல்பாகத்தை, நீங்கள் அப்பர் என்பீர்களே, அதைக் கம்பெனி கேட்டுக்கு உள்ளே உட்கார்ந்து தைத்தால் தொழிலாளி. அதே அப்பரை வீட்டில் உட்கார்ந்து தைத்தால் ஏட்டில் யாருமே இல்லை. இதை மாற்ற சட்டத்தில் எந்த வார்த்தை மாற வேண்டும் என்பதுதான் என் கேள்வி. மார்ச் கடைசியில் எங்கள் துறை ஒரு குழுவிடம் திருத்த வரைவு கொடுக்கப்போகிறது. ஆம்பூர் பெண்களுக்கு அதில் ஒரு அத்தியாயம் தருவதாக என் ஆய்வுக்கு வழிகாட்டும் மேடம் வாக்குக் கொடுத்திருக்கிறார்.

ஐம்பது படிவங்கள் இணைத்திருக்கிறேன். தைக்கிற பெண்களிடம் கொடுத்து நிரப்பி வாங்கி அனுப்ப வேண்டும். எனக்கு இனி லீவு கிடையாது. உன்னைவிட்டால் வேறு யாரிடம் கேட்பேன்?

பதில் போடு. திட்டியாவது போடு.

நிஷா


ஆம்பூர்
28 ஜனவரி 2025

வக்கீலம்மா அவர்களுக்கு,

படிவம் வந்து சேர்ந்தது. கவரை நான் கிழிக்கவில்லை. கிழிக்க எனக்குக் கொடுத்தால்தானே? அத்தை அதை வாங்கி ரங்கம்மாள் இட்லிக் கடை வரைக்கும் கொண்டுபோய், "டெல்லிலேந்து எம் பொண்ணு போட்டிருக்கா" என்று காட்டிவிட்டு வந்தபிறகுதான் என் கைக்கு வந்தது. உங்கள் கல்லூரிப் படம் ஒன்று அத்தையின் போனில் இருக்கிறது. கறுப்புக் கோட்டும் கம்பளியுமாக ஏதோ கூட்டத்தில் நிற்கிறாய். ஒரு நாளைக்கு நாலு தடவை எனக்கு அந்த தரிசனம் நடக்கும். "எப்படி இருக்கா பாரு ஹெலனு, ராணி மாதிரி." பார்த்தேன் அத்தை. நல்லா இருக்கா அத்தை.

பொறாமையா என்று நினைக்கிறாய். ஆமாம், பொறாமைதான். வேறு பெயர் வைத்து அதை அழகாக்க எனக்குத் தெரியாது. பிளஸ் டூவில் நான் 1127, நீ 1098. இருபத்தொன்பது மார்க். அந்த ரிசல்ட் வந்த மாதம்தான் என் அப்பா போய்ச் சேர்ந்தார். நீ வேலூருக்கு சட்டக் கல்லூரி பஸ் ஏறினாய், நான் கம்பெனி பஸ் ஏறினேன். இரண்டு பஸ்ஸும் ஒரே ஸ்டாப்பில்தான் நின்றன. உன் அண்ணனை நானேதான் பிடித்துக் கட்டிக்கொண்டேன், அதில் யார்மேலும் எனக்குப் புகார் இல்லை. புகார் சொல்ல ஆள் இல்லாத பொறாமை ஜாஸ்தி எரியும், அவ்வளவுதான்.

உன் படிவத்தைப் படித்தேன். நல்ல தமிழ். "தாங்கள்" எல்லாம் போட்டிருக்கிறாய். நீ எழுதியபடியே கேட்கிறேன், ஒரு எழுத்துகூட மாற்றமாட்டேன். கவலைப்படாதே.

ஹெலன்


ஆம்பூர்
13 பிப்ரவரி 2025

நிஷாவுக்கு,

நாற்பத்திரண்டு படிவம் இதோடு இருக்கிறது. எல்லாரும் கையெழுத்துப் போட்டாயிற்று. அத்தையுடையதும் உண்டு. மீதி எட்டைத் திருப்பி அனுப்பவில்லை, குழந்தை அதில் படம் வரைந்துவிட்டாள்.

அத்தைக்குக் கண் இப்போது பரவாயில்லை. ஊசியில் நூல் மட்டும் கோர்க்க முடியவில்லை.

ஹெலன்


டெல்லி
24 பிப்ரவரி 2025

ஹெலன்,

நேற்று மேடம் அறையில், அவர் முன்னாலேயே உன் பார்சலைப் பிரித்தேன். பெருமையாகத்தான் பிரித்தேன்.

மூன்றாவது கேள்வி: "தாங்கள் தற்போது ஏதேனும் தொழிலிலோ பணியிலோ ஈடுபட்டுள்ளீர்களா? இல்லை எனில் நேராக இறுதிப் பக்கம் சென்று கையொப்பமிடவும்." நாற்பத்தியோரு பேர் "இல்லை" என்று டிக் போட்டு நேராகக் கையெழுத்துக்குப் போய்விட்டார்கள். நடுவில் இருக்கும் ஆறு பக்கமும் வெள்ளையாக இருக்கிறது. ஒரே ஒருவர் "ஆம்" போட்டிருக்கிறார், நம் ரங்கம்மாள். என்ன தொழில் என்ற இடத்தில் "இட்லிக் கடை" என்று எழுதியிருக்கிறார். காலையில் இட்லி ஊற்றி முடித்துவிட்டு மிச்ச நேரமெல்லாம் அவர் அப்பர் தைக்கிறாரே, அதைப் பற்றி ஒரு வரி இல்லை.

மேடம் ஒவ்வொன்றாகத் திருப்பினார். கடைசியில் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "நிஷா, உன் ஊரில் யாருமே வேலை செய்வதில்லையா?" என்று கேட்டார். கிண்டலாகக்கூடக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டார். மார்ச் இருபத்தைந்துக்குள் சரியான தகவல் வராவிட்டால் ஆம்பூர் அத்தியாயம் கிடையாது. என் ஆய்வுத் தலைப்பும் போய்விடும். நூலகத்தில் உட்கார்ந்து எழுதுகிற மாதிரி வேறொன்று தருவார்களாம்.

நீ பத்தாவதில் கணக்கில் தொண்ணூற்றெட்டு வாங்கியவள். ஒரே பதில் நாற்பத்தியோரு தடவை வந்தால் ஏதோ இடிக்கிறது என்று உனக்குத் தோன்றவில்லையா? ஒரு போன் செய்திருக்கலாமே. பிளாக்கை எடுக்காமல் ஜோசுவா அண்ணன் போனிலிருந்தாவது?

கோபத்தில் எழுதுகிறேன், அதனால் இதையும் எழுதிவிடுகிறேன். உனக்கு மட்டும்தான் பொறாமை இருக்கிறதென்று நினைக்காதே. நவம்பரில் அம்மாவை வேலூர் பாகாயம் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய் கண் ஆபரேஷன் செய்து கூட்டி வந்தாய். எனக்குப் பரீட்சை என்று என்னிடம் சொல்லவேயில்லை. கிறிஸ்துமஸுக்கு வந்தபோது பீரோவில் ஆஸ்பத்திரி காகிதத்தைப் பார்த்தேன். கையெழுத்திட்டவர் ஹெலன். உறவு: மகள். அந்த ஒரு வார்த்தையை அன்றிலிருந்து எத்தனை தடவை நினைத்திருப்பேன் தெரியுமா? அம்மா என்னோடு பேசுகிற மூன்று நிமிஷத்தில் இரண்டு நிமிஷம் உன் புராணம். நீ வைத்த குழம்பு, நீ கட்டிவிட்ட புடவை. நான் போனில் தெரிகிற ராணி, அவ்வளவுதான். வீட்டில் இருக்கிற பெண் நீதான்.

நிஷா


ஆம்பூர்
4 மார்ச் 2025

நிஷா,

எனக்குத் தோன்றியது. ஜனவரியில் உன் படிவத்தைப் படித்த அன்றே தெரியும்.

மூன்றாம் கேள்வியைப் பார்த்ததுமே சிரித்துவிட்டேன். நம் தெருவில் போய் "வேலைக்குப் போறீங்களா" என்று கேட்டால் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியாதா? "இல்லம்மா, வூட்லதான் சும்மா இருக்கேன்." மடியில் அப்பரை வைத்துக்கொண்டு, வாயில் நூலைக் கடித்துக்கொண்டு அதைச் சொல்வார்கள். பொய் சொல்லவில்லை. வேலை என்றால் கேட் இருக்கவேண்டும், சங்கு ஊதவேண்டும், கழுத்தில் அட்டை தொங்கவேண்டும். வீட்டில் செய்வது எப்படி வேலை ஆகும்? சோறு ஆக்குகிற மாதிரி, பாத்திரம் தேய்க்கிற மாதிரி அதுவும் ஒன்று.

ஒரே ஒரு வார்த்தை மாற்றியிருந்தால் போதும், நாற்பத்திரண்டு பேரும் கொட்டியிருப்பார்கள். எந்த வார்த்தை என்று எனக்குத் தெரியும். ஆனால் சொல்லவில்லை. வீடு வீடாகப் போய் நீ எழுதியதை ஒரு எழுத்து மாற்றாமல் படித்தேன், ஒவ்வொரு "இல்லை"க்கும் உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். டெல்லி வரைக்கும் போய்ப் படித்தவளுக்கு இது தெரியவில்லையே என்ற சந்தோஷம். பத்தாவது வீடு தாண்டும்போது கொஞ்சம் கசந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை. வேண்டுமென்றேதான் செய்தேன். இதற்கு மேல் எப்படிச் சொல்ல?

ஏன் என்றும் சொல்லிவிடுகிறேன். நீதான் தெரியாமல் தவிக்கிறாயே.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் நீ அந்த இரண்டு பேரைக் கூட்டி வந்தாய். அன்றைக்கு ஷபீ அஹமது பாய் கட்டு எடுக்க வருவதாகச் சொல்லியிருந்தார். கம்பெனியிலிருந்து வெட்டின தோலைக் கொண்டுவந்து கொடுத்து, தைத்ததை வாங்கிப்போகிற அதே பாய்தான், உனக்குத் தெரியும். பண்டிகை என்று இரண்டு நாள் விட்டதால் விடிந்ததிலிருந்து குனிந்த தலை நிமிராமல் ஒன்பது ஜோடி முடித்திருந்தேன். விரலில் சுற்றின துணிகூட அவிழ்க்கவில்லை. உயரமாக இருந்தாளே ஒருத்தி, அவள் என்னைக் காட்டி "உங்க அண்ணி என்ன செய்றாங்க?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். நீயும் ஆங்கிலத்திலேயே சொன்னாய், எனக்குப் புரியாது என்பது போல: "அண்ணி வேலைக்குப் போறதில்ல, வீட்லதான் இருக்காங்க."

பிறகு அவள் என் கையைப் படம் எடுத்தாள். கையை மட்டும்.

வீட்டில் தைப்பவர்களும் தொழிலாளிதான் என்று சட்டத்தையே மாற்றக் கிளம்பினவள் நீ. உன் வாயில் அது வந்தது. அன்றைக்கே நீ எனக்கு "இல்லை" போட்டுவிட்டாய் நிஷா. நான் மற்ற நாற்பத்தொன்றை வாங்கி அனுப்பினேன், அவ்வளவுதான்.

கம்பெனியில் மூன்று வருஷம் இருந்தேன். குழந்தை பிறந்து கம்பெனியை விட்டு நின்றபிறகு அதே கம்பெனியின் அப்பர் பாய் கையில் என் வீட்டுக்கு வந்தது. அதே நூல், அதே ஓட்டை, அதே ஊசி. கழுத்து அட்டை மட்டும் வரவில்லை. அதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதுகிற அளவுக்கு எனக்குத் தெரியும். எழுதுகிற இடத்தில் நீ இருக்கிறாய். இதுதான் எரிகிறது.

ஆஸ்பத்திரி காகிதத்தில் மகள் என்று எழுதியதைக் கேட்டிருந்தாய். நான் மருமகள் என்றுதான் எழுதப்போனேன். நர்ஸ் "யாரு இவங்க?" என்றதும் அத்தை முந்திக்கொண்டு "எம் பொண்ணும்மா" என்று சொல்லிவிட்டார்கள். அன்றைக்கு ராஜ்ஜியமே கிடைத்தமாதிரி இருந்தது. அதை உன்னிடம் சொல்லி வயிற்றெரிச்சல் கொட்டிக்கொள்ள வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. இப்போது சொல்லிவிட்டேன். எதிர்பார்த்த அளவுக்கு நன்றாக இல்லை.

ஹெலன்


டெல்லி
11 மார்ச் 2025

ஹெலன்,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு பக்கம் திட்டி எழுதினேன். கிழித்துப் போட்டேன். மறுபடி எழுதினேன், அதையும் கிழித்தேன். இது மூன்றாவது.

நீ செய்தது எனக்கு மட்டும் செய்த கெடுதல் என்றால் விட்டுவிடுவேன். என் மேல் கோபம் என்றால் என் படிவத்தை அடுப்பில் போட்டிருக்கலாம். ரங்கம்மாளும் நம் தெரு சம்பூர்ணம் அக்காவும் என்ன செய்தார்கள் உனக்கு? அவர்கள் வாயாலேயே "இல்லை" என்று வாங்கிக் கையெழுத்தும் போட வைத்திருக்கிறாய். நாளைக்கு யாராவது இந்தக் காகிதத்தைத் தூக்கிக் காட்டி, "பாருங்கள், அவர்களே தொழிலாளி இல்லை என்கிறார்கள்" என்றால் என்ன செய்வேன்? இதை உன்னால் மறுக்க முடியாது. என்னாலும் மன்னிக்க முடியவில்லை, இப்போதைக்கு.

ஆனால் அந்தக் கிறிஸ்துமஸ்.

நான் சொன்னது எனக்கு ஞாபகமே இல்லை. ஞாபகம் இல்லை என்பதுதான் அசிங்கமாக இருக்கிறது. அந்தப் பெண்ணிடம் கேட்டேன். "ஆமாம், அப்படித்தான் சொன்னாய்" என்றாள். அவ்வளவு சாதாரணமாகச் சொல்லியிருக்கிறேன். சின்ன வயசிலிருந்து யாராவது "அம்மா என்ன பண்றாங்க" என்று கேட்டால் "வீட்ல இருக்காங்க" என்றுதானே சொல்லியிருக்கிறேன். சட்டக் கல்லூரி விண்ணப்பத்தில்கூட அம்மாவுக்கு இல்லத்தரசி என்று எழுதினேன். என் படிவத்தின் மூன்றாம் கேள்வியை அப்படி எழுதினது டெல்லி இல்லை, நானேதான். உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். அண்ணியிடம் கேட்கவில்லை, 1127-இடம் கேட்கிறேன்.

மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன், நீ வேண்டுமென்றே செய்தாய் என்பதையும் சேர்த்து. கோபப்படுவார் என்று நினைத்தேன். "அந்தக் கேள்வி என்னவென்று அவளிடம் கேள். அதுதான் உன் அத்தியாயம்" என்றார். எனக்குச் சுருக்கென்று குத்தியது. ஐந்து வருஷம் சட்டம், மூன்று வருஷம் கோர்ட்டு, இப்போது இங்கே. கடைசியில் மேடத்துக்கு உன்னுடைய ஒரு வார்த்தை வேண்டியிருக்கிறது. பொறாமையில் எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நீ உன்னுடையதை எழுதினாயே, நானும் எழுதிவிட்டேன்.

இருபத்தைந்தாம் தேதிக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. படிவம் எதுவும் நான் அனுப்பப்போவதில்லை. நீயே எழுது, நீயே கேள். ஆய்வில் கேள்விகளை எழுதியவர் என்று உன் பெயர்தான் இருக்கும். செய்யமாட்டேன் என்றால் அதையும் ஒரு வரி எழுதிப் போடு.

நிஷா


ஆம்பூர்
19 மார்ச் 2025

நிஷா,

ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புகிறேன். நாற்பத்துமூன்று இருக்கிறது, எண்ணிக்கொள்.

உன் கடிதம் வந்த அன்றைக்கே போகவில்லை. இரண்டு நாள் முரண்டு பிடித்தேன். என் பெயரைப் போட்டு என்னைச் சமாதானப்படுத்துகிறாளே என்று கடுப்பாக இருந்தது. அப்புறம் சம்பூர்ணம் அக்கா தெருக்குழாயில் குடத்தைத் தூக்க முடியாமல் நிற்பதைப் பார்த்தேன். அந்த அக்காவிடம் நான்தானே "இல்லை" வாங்கினேன்? நீ எழுதியது சரிதான்.

அந்த வார்த்தை என்னவென்றால், வேலை என்ற வார்த்தையே வரக்கூடாது. ஒவ்வொரு வீட்டிலும் நான் தைக்கிற அப்பர் கட்டையும் எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன். கூடவே தைத்துக்கொண்டு, "இன்னிக்கு எத்தன ஜோடி?" என்று கேட்டேன். அவ்வளவுதான். ரங்கம்மாள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "இன்னிக்கா? இட்லி ஊத்தி முடிச்சிட்டு நாலு ஆச்சு. சாயந்திரத்துக்குள்ள இன்னும் நாலு போடணும், பாய் வந்துடுவாரு, ஒரே பேஜாரா கீது" என்று ஆரம்பித்து, தோள் வலி, விரல் வெடிப்பு, பாய் திருப்பிக் கொடுத்த ஜோடியைப் பிரித்துத் தைத்தது என்று ஒரு மணி நேரம் நிறுத்தவில்லை. சம்பூர்ணம் அக்கா, "வலது கை மேல தூக்கவே முடியல ஹெலனு. எனக்கு எம் பொண்ணுதான் தலை வாரி வுடுறா" என்றார்கள். எல்லாவற்றையும் அவர்கள் சொன்னபடியே எழுதியிருக்கிறேன். "தாங்கள்" எல்லாம் கிடையாது.

அத்தைதான் அசையவில்லை. "நான் சும்மாதானே இருந்தேன், என்கிட்ட இன்னா இருக்குது எழுத" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். கடைசியில், "நிஷா பொறந்த அன்னிக்கு எத்தன ஜோடி அத்தை?" என்று கேட்டேன். கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. "ஆறு. ஏழாவதுல ஒத்தக் கால் முடிஞ்சுது, இன்னொன்னு எடுக்கறதுக்குள்ள வலி வந்துடுச்சி. அத மூணாம் நாள் எழுந்து தச்சிக் குடுத்தேன்." இருபத்தாறு வருஷமாக அது அவர்கள் மனசில் எண்ணிக்கையோடு இருந்திருக்கிறது. யாரும் கேட்கவில்லை, நீயும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. சொல்லி முடித்துவிட்டு அழுதார்கள். எனக்காக இல்லை, உனக்காகவும் இல்லை. அந்த ஒத்தக் காலுக்காக என்று வைத்துக்கொள்.

பொறாமை போய்விட்டதா என்று கேட்காதே. போகவில்லை. இதையெல்லாம் நீ கோட்டுப் போட்டுக்கொண்டு மேடையில் படிப்பாய், நான் இங்கே மிளகாய் அரைத்துக்கொண்டிருப்பேன் என்று நினைக்கும்போது இந்தப் படிவக் கட்டையே கொளுத்திவிடலாமா என்று நேற்றுகூடத் தோன்றியது. மேலே பரணில் இருந்த உன் முதல் வருஷத்துச் சட்டப் புத்தகங்களை இறக்கிவிட்டேன். உன்னைக் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன்.

இன்னொரு விஷயம். நாற்பத்துமூன்றாவது படிவம் என்னுடையது. நானே என்னைக் கேட்டு நானே எழுதினால் நன்றாக இருக்காது என்று உன் அண்ணனை உட்கார வைத்துப் பேனாவைக் கையில் கொடுத்தேன். அவர்தான் இந்த வீட்டில் கழுத்தில் அட்டை இருக்கிற ஆள். எழுதிக் கொடுத்த கேள்வியை விட்டுவிட்டு, அவர் பாட்டுக்குப் பெரிய ஆபீஸர் மாதிரி, "ஹெலன், நீ இன்னா பண்ற?" என்றார்.

நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டே, "சும்மாதான் இருக்கேன்" என்றேன்.

நாற்பத்திரண்டு பேரிடம் கேட்டு வந்த வாய், நிஷா. அவர் தன் அழகான கையெழுத்தில் அதை எழுதியும் முடித்துவிட்டார். இரண்டு பேரும் அந்தக் காகிதத்தைப் பார்த்துக்கொண்டே நின்றோம். அப்புறம் பேனாவை வாங்கி அந்த வரியை நானே அடித்தேன். பக்கத்தில், "ஒன்பது ஜோடி, டிசம்பர் 26, நீ வந்த அன்றைக்கு" என்று எழுதினேன்.

அந்த அடித்தலை மறைக்காதே. வேறு காகிதத்தில் நல்லபடியாக எடுத்தெழுதவும் வேண்டாம். உங்கள் மேடத்துக்கு அப்படியே காட்டு.

ஹெலன்